'ஃபோட்டோசிந்தசிஸ்' ஓகே... 'தேர்ஃபோர்'தான் பிரச்னை!

அமெரிக்க ஹைஸ்கூல் ஒன்றின் பயாலஜி வகுப்பை யோசித்துப் பாருங்கள். குவாத்தமாலாவிலிருந்து போன மாதம் வந்த மாணவி கடைசி வரிசையில் இருக்கிறாள். வாயே திறப்பதில்லை. பாடம் புரியவில்லை போல என்று நினைக்கத் தோன்றும். ஆனால் ஒளிச்சேர்க்கையை அவள் ஊரிலேயே படித்துவிட்டு வந்திருக்கலாம்.

அமெரிக்க அரசுப் பள்ளிகளில் ஆங்கிலம் கற்றுக்கொண்டிருக்கும் மாணவர்கள் சுமார் 50 லட்சம் பேர். அதில் முக்கால்வாசிப் பேரின் வீட்டு மொழி ஸ்பானிஷ். 'ஃபோட்டோசிந்தசிஸ்' ஸ்பானிஷில் 'ஃபோட்டோசின்டெசிஸ்', 'எனர்ஜி'யோ 'எனெர்ஹியா'. பயமுறுத்தும் பெரிய வார்த்தைகள் அவர்களுக்கு ஏற்கெனவே சொந்தக்காரர்கள் மாதிரி!

அப்போ எங்கே இடிக்கிறது? 'தேர்ஃபோர்', 'வேரஸ்', 'அன்லெஸ்' போன்ற குட்டி வார்த்தைகளில். அப்புறம் 'டேபிள்', 'மேட்டர்', 'வொர்க்'. டேபிள் என்றால் மேஜை என்று நேற்றுதான் படித்திருப்பாள். இன்று டீச்சர் அதில் அளவுகளை எழுதச் சொல்கிறார். கனமான பையைத் தூக்கிப் பிடித்தபடி அசையாமல் நின்றால், இயற்பியல் கணக்குப்படி செய்த 'வேலை' பூஜ்யம். இது தமிழில் படித்த நமக்கே ஜீரணமாக நாளானது.

இந்தச் சிக்கலை இங்கிலீஷ் டீச்சரிடம் தள்ளிவிட முடியாது. சயின்ஸ் வார்த்தை வேறு அர்த்தத்தில் வருவது சயின்ஸ் டீச்சருக்குத்தான் தெரியும். அனுபவசாலிகள் முதலில் சோதனையைச் செய்ய விடுகிறார்கள், பெயரைப் பிறகு சொல்கிறார்கள். பக்கத்து மாணவரோடு தாய்மொழியில் பேசிக்கொள்ளவும் அனுமதிக்கிறார்கள். பாடத்தை எளிதாக்குகிறேன் என்று பாதியை வெட்டுவதில்லை. அது உதவியே இல்லை, அந்தப் பிள்ளைக்குச் செய்கிற நஷ்டம்.

ஒரே புத்தகம், ஒரே டீச்சர் கொடுத்துவிட்டால் சமத்துவம் வந்துவிடாது என்று 1974-லேயே அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சான் ஃபிரான்சிஸ்கோவின் சீன மாணவர்கள் தொடர்ந்த 'லாவ்' வழக்கு அது. ஆனால் இந்த மாணவர்களுக்குப் பள்ளிகள் என்னென்ன செய்ய வேண்டும் என்று விளக்கிய 2015-ம் ஆண்டு வழிகாட்டுதலை, டிரம்ப் அரசின் கல்வித்துறை 2025 ஆகஸ்ட்டில் திரும்பப் பெற்றுவிட்டது. சட்டம் அப்படியே இருக்கிறது, அதைச் செயல்படுத்தும் கையேடுதான் போய்விட்டது. மிச்சச் சுமை வகுப்பறை ஆசிரியர் தலையில்.

சயின்ஸ் டீச்சருக்கு மொழிப் பயிற்சியும், அதற்கான நேரமும் சம்பளத்தோடு சேர்ந்தே வர வேண்டும் என்பேன். நல்ல மனசு இருந்தால் போதும் என்று விட்டுவிடுகிற வேலை இல்லை இது.

சரி, அந்த மாணவி பரீட்சையில் இலையைச் சரியாக வரைந்து, அம்புக்குறி போட்டு, விளக்கத்தை மட்டும் ஸ்பானிஷில் எழுதினால்? மார்க் போடலாம் என்பதுதான் என் கட்சி. நடந்தது பயாலஜி பரீட்சைதானே!