ஐ.சி.யு. கதவுக்கு இந்தப் பக்கம்

1952 ஆகஸ்ட். டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரில் பிளெக்டாம் மருத்துவமனைக்கு இளம்பிள்ளை வாதம் தாக்கியவர்கள் வந்து குவிந்துகொண்டிருந்தார்கள். மூச்சுத்தசைகள் செயலிழந்தவர்களுக்காக அங்கே இருந்தவை ஓர் இரும்பு நுரையீரலும், மார்பில் பொருத்தும் ஆறு கருவிகளும்தான். முதல் மூன்று வாரங்களில் அப்படி வந்த 31 பேரில் 27 பேர் இறந்துபோனார்கள். மயக்கவியல் மருத்துவர் பியோர்ன் இப்சென் வேறொரு வழியை முயன்றார். 12 வயதுச் சிறுமி ஒருத்தியின் தொண்டையில் துளையிட்டு, குழாய் செருகி, அதோடு இணைந்த ரப்பர் பையைக் கையால் அமுக்கி அமுக்கி மூச்சு கொடுத்தார். சிறுமி பிழைத்துக்கொண்டாள்.

ஆனால் இராப்பகலாகப் பையை யார் அமுக்குவது? மருத்துவ மாணவர்கள் வந்தார்கள். சுமார் 1,500 பேர், முறைவைத்து, வாரக்கணக்கில். ஒரு கட்டத்தில் ஒரே நேரத்தில் 70 பேருக்கு இப்படிக் கையால் மூச்சு ஓடிக்கொண்டிருந்தது. நோயாளிகளில் பலர் விழித்திருந்த சிறுவர்கள். மாணவர்கள் ஒரு கையால் பையை அமுக்கிக்கொண்டே அவர்களுக்குக் கதை படித்துக்காட்டினார்கள். 1953 டிசம்பரில் அதே நகரின் வேறொரு மருத்துவமனையில் இப்சென் தனிப் பிரிவு ஒன்றைத் தொடங்கினார். ஐ.சி.யு.வின் வரலாறு அங்கிருந்துதான் எழுதப்படுகிறது.

அதாவது தீவிர சிகிச்சை பிறந்தது, கட்டிலோரம் உட்கார்ந்த மனிதர்களின் கையில். பிறகு இயந்திரம் வந்தது, கதவு மூடிக்கொண்டது. மூடியவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. தொற்று வார்டு வார்டாகக் குழந்தைகளைக் கொண்டுபோன காலத்தின் நினைவு அவர்களுக்கு இருந்தது. அன்று பிரிட்டனில் குழந்தைகள் வார்டில்கூடப் பெற்றோரால் நினைத்தபோது போய்விட முடிந்ததில்லை. தாயைப் பிரிந்து மருத்துவமனையில் கிடக்கும் இரண்டு வயதுக் குழந்தை எப்படி ஒடுங்கிப்போகிறது என்பதை ஜேம்ஸ் ராபர்ட்சன் படமெடுத்துக் காட்டியதும் 1952-இல்தான். பெற்றோரைத் தாராளமாக அனுமதிக்கச் சொன்ன பிளாட் அறிக்கை 1959-இல் வந்தது.

கதவு நிஜமாகத் திறந்தது இரக்கத்தால் அல்ல, பற்றாக்குறையால். கொலம்பியாவின் பொகோட்டாவில் 1978-இல் இன்குபேட்டர்கள் போதவில்லை. மருத்துவர் எட்கர் ரே, எடை குறைந்த குழந்தைகளைத் தாயின் வெற்று மார்போடு சேர்த்துக் கட்டச் சொன்னார். இன்று நம் ஊர் அரசு மருத்துவமனைச் சுவர்களிலும் படம் போட்டு விளக்கும் ‘கங்காரு தாய் பராமரிப்பு’ அதுதான். அடுத்த ஆண்டு எஸ்டோனியாவின் தாலின் நகரில் செவிலியர் போதவில்லை. ஆதிக் லெவின் என்ற குழந்தை மருத்துவர் தாய்மார்களை உள்ளே அழைத்து, குழந்தையோடு இரவு பகலாகத் தங்கவைத்தார். ஊசியும் மருந்தும் செவிலியர் பொறுப்பு. பாலூட்டுவது, துடைப்பது, துணி மாற்றுவது, மூச்சைக் கவனிப்பது தாயின் வேலை. செவிலியர் தாய்க்குக் கற்றுக்கொடுக்கும் ஆசிரியர் ஆனார். குழந்தைகளுக்கு எடை கூடியது, தொற்று குறைந்தது. இதைப் பார்த்துக் கற்ற கனடா மருத்துவர்கள் தங்கள் நாட்டில் முறையாக ஆய்வு செய்து, எடை கூடுவதை உறுதிப்படுத்தினார்கள். பணக்கார நாடு ஏழை நாட்டிடம் பாடம் கேட்ட அபூர்வமான இடம் இது.

நம் நாட்டுக்கும் இதில் பங்குண்டு. இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் எடை குறைந்த 3,211 குழந்தைகளை வைத்து நடந்த உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு 2021-இல் வெளியானது. பிறந்த உடனேயே, நிலை சீராகும்வரை காத்திராமல், தாயின் மார்பில் போட்ட குழந்தைகளில் 28 நாளுக்குள் இறந்தவை 12 சதவீதம். வழக்கமான முறையில் 15.7 சதவீதம். பலன் அவ்வளவு தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வையே முன்கூட்டி நிறுத்தினார்கள். அதற்காகத் தீவிர சிகிச்சை அறைக்குள்ளேயே தாய்க்குக் கட்டில் போட வேண்டியிருந்தது. பிரசவித்த பெண்ணை வேறு வார்டில் படுக்கவைத்துவிட்டுக் குழந்தையை மட்டும் உள்ளே கொண்டுபோகும் பழக்கத்தை அந்த ஒரு கட்டில் மாற்றியது.

பெரியவர்கள் விஷயத்தில் சான்று இவ்வளவு பலமாக இல்லை. பிரேசிலில் 36 ஐ.சி.யு.க்களில் பார்வை நேரத்தை 12 மணி நேரம்வரை நீட்டிப் பார்த்த ஆய்வு 2019-இல் வந்தது. நோயாளிகளின் மனக்குழப்பம் குறையவில்லை. ஆனால் தொற்றும் கூடவில்லை. உறவினர்களின் பதற்றமும் மனச்சோர்வும் குறைந்தன. கதவை மூடிவைக்கச் சொல்லும் முதல் காரணமே தொற்றுதான் என்பதால், இந்த முடிவை நான் பெரிதாக மதிக்கிறேன்.

இனி நம் வராந்தாவுக்கு வருவோம். பாயும், தண்ணீர்ப் பாட்டிலும், துணிப்பையுமாகக் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருப்பார்கள். கதவு லேசாகத் திறந்து, “பேஷண்டோட அட்டெண்டர் யாரு?” என்று குரல் வந்ததும் பத்துப் பேர் எழுந்து ஓடுவார்கள். மருந்து வாங்க, ரத்தத்துக்கு ஆள் பிடிக்க, ஸ்ட்ரெச்சர் தள்ள, கையெழுத்துப் போட இந்தக் குடும்பம் வேண்டும். உள்ளே படுத்திருக்கும் அப்பாவின் கையைப் பிடித்துக்கொள்ள மட்டும் அவர்கள் ஆபத்தானவர்கள். வாசலுக்கு வெளியே கூலியில்லா வேலைக்காரர், வாசலுக்கு உள்ளே கிருமி. இந்த முரணைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

குடும்பத்தை உள்ளே விடுவது செவிலியர் பணியிடங்களை நிரப்பாமல் விடுவதற்குச் சாக்காகிவிடக் கூடாது. தாலினில் தாய்மாருக்குக் கற்றுத்தரச் செவிலியர் கூடவே இருந்தார்கள். பச்சிளம் குழந்தைகள் பிரிவுகளில் குடும்பத்தைப் பராமரிப்பில் சேர்க்கும் வழிகாட்டுதலை மத்திய சுகாதார அமைச்சகம் 2017-லேயே வெளியிட்டுவிட்டது. மருத்துவமனை நடத்துவோரிடம் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. வராந்தாவில் காத்திருக்கும் குடும்பத்தில் ஒருவருக்குக் கைகழுவும் முறையைச் சொல்லிக்கொடுங்கள், ஓர் அங்கி கொடுங்கள், கட்டிலோரம் ஒரு நாற்காலி போடுங்கள்.