மாவுக்கா, மாமாவுக்கா?

தில்லிக் குளிரில் தமிழர் வீட்டுக்கு விருந்தாளி வந்தால் முதல் பிரச்சினை சாப்பாடு அல்ல, ரஜாய். வீட்டில் இருப்பது நாலு. அதில் ஒன்று இட்லி மாவுப் பாத்திரத்தின் மேல் கிடக்கும். டிசம்பரில் போர்த்தி வைக்காவிட்டால் மாவு பொங்காதே! அதை மாவுக்கு விடுவதா, ஊரிலிருந்து வந்த மாமாவுக்குக் கொடுப்பதா என்று இரவு பத்து மணிக்கு ஒரு மாநாடு நடக்கும்.

எழுபது, எண்பதுகளில் கரோல்பாக் ஒண்டுக்குடித்தனங்களிலும் சரோஜினி நகர், ராமகிருஷ்ணபுரம் அரசு குவார்ட்டர்ஸ்களிலும் இது வழக்கமான காட்சி. ஜி.டி. எக்ஸ்பிரஸிலும், 1976 முதல் தமிழ்நாடு எக்ஸ்பிரஸிலும் வந்து இறங்குவார்கள். தோல்பூர் ஹவுஸில் இன்டர்வியூவுக்கு வந்த பையன், ஹரித்வார் போகும் வழியில் தங்கும் தம்பதி, வேலை கிடைத்தும் அறை கிடைக்காதவர். கையில் யாரோ எழுதிக் கொடுத்த கடிதம், பையில் காப்பிப்பொடியும் முருங்கைக்காயும். ஒரு வாரம் என்று வந்தவர் ஆறு மாதம் இருந்துவிட்டுக் கல்யாணப் பத்திரிகையோடு திரும்பி வந்ததும் உண்டு.

"அந்தக் காலம் போச்சு" என்று நம்மவர்கள் பெருமூச்சு விடுகிறார்கள். பெரும்பாலும் ஆண்கள். "சார் வீடு சத்திரம் மாதிரி" என்ற புகழ் அவர்களுக்குத்தானே கிடைத்தது! விடியற்காலையில் பால் பூத்தில் டோக்கனோடு நின்றதும், மூன்றாம் தடவை டிகாக்ஷன் இறக்கியதும், எல்லாரும் சாப்பிட்டபின் மிஞ்சியதைச் சாப்பிட்டுவிட்டு காஸ் சிலிண்டர் பக்கத்தில் பாயை விரித்ததும் வீட்டு அம்மாள். பலர் ஒன்பது மணிக்கு ஆபீஸுக்கும் பஸ் பிடித்தவர்கள். வள்ளுவர் விருந்தோம்பலை ஒன்பதாம் அதிகாரமாக இல்லறவியலில் வைத்தார். இல்லறம் என்றால் இருவர் அல்லவா? இன்றைய மருமகள் வருகிறவர்களுக்கு விடுதியில் அறை பார்த்துக் கொடுத்தால் அவளுக்கு மனசு இல்லை என்று சொல்லாதீர்கள். மாமியாரின் முதுகுவலியைப் பார்த்தவள் அவள்.

ஆனால் நஷ்டம் ஒன்று இருக்கிறது; அது நம் குழந்தைகளுக்கு. தெருவில் ஹிந்தி, பள்ளியில் ஆங்கிலம். தமிழ் என்பது அப்பா அம்மா திட்டும் பாஷையாகச் சுருங்கிவிட்டது. அந்த நெரிசல் வீடுகளில் வளர்ந்தவர்கள் நெல்லைத் தமிழையும் கோவைத் தமிழையும் தஞ்சாவூர் வம்பையும் ஃபோல்டிங் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் படுத்தபடியே கேட்டார்கள். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பால் அதைத் தர முடியாது.

ஆகவே, வரட்டும். ஆனால் பாலுக்கு ஐயா போகட்டும். படுக்கையைப் பிள்ளைகள் மடிக்கட்டும். பெண் பிள்ளை மட்டுமல்ல, இருவரும். ரஜாய் போதாவிட்டால் டென்ட் ஹவுஸில் வாடகைக்குக் கிடைக்கிறது. வருகிறவரும் தன் தட்டைத் தானே கழுவட்டும். விருந்தாளியிடம் இதைச் சொல்வதா என்று பாட்டிமார் பதறுவார்கள். முதல் நாள் வேண்டாம். மூன்றாம் நாள் தாராளமாகச் சொல்லலாம்.