ஏசியைக் கழட்டினா கார் பறக்குமா?

ஏசியைக் கழட்டி எறிஞ்சா கார் பறக்கும் எண்டு ஒரு கதை எங்கட பெடியளிட்டைச் சுத்தித் திரியுது. பறக்காது.

கணக்கைப் பாருங்கோ. கம்பிரசர், கண்டென்சர், குழாய்கள் எல்லாம் சேர்த்து ஒரு சின்னக் காரில 15, 20 கிலோ வரும். பின்சீற்றில ஒரு கூட்டாளி ஏறினா அதைவிட மூண்டு மடங்கு பாரம். 800 சிசி அல்டோவில ஏசி ஓடேக்க இழுவை குறையும், ஏற்றத்தில நல்லாவே தெரியும், அது உண்மை. ஆனா அந்தக் கம்பிரசரில காந்தக் கிளட்ச் இருக்கு. சுவிட்சை நிப்பாட்டினா கிளட்ச் விலகி, கப்பி மட்டும் சும்மா சுத்தும். இழந்த சக்தி உடனே திரும்பி வரும். பிறகு ஸ்பனர் எதுக்கு?

போர்ஷ கூட 911 ஜிடி3 ஆர்எஸ்ஸை ஏசி இல்லாமல் விற்றிருக்கு எண்டு வாதாடுவினம். அது பந்தயத் திடலுக்கெண்டு செய்த கார். நீங்கள் ஓடுறது ஏ9 வீதி. மாரி மழையில நாலுபேர் யன்னலை மூடிக்கொண்டு வரேக்க முன்கண்ணாடியின் உட்பக்கம் ஆவி படியும். காற்றின் ஈரத்தை எடுத்து அதைக் கெதியாப் போக்குறது ஏசிதான். ஒரு கையால துணி பிடிச்சுத் துடைச்சுக்கொண்டு, எதிர வாற பஸ்ஸின்ர வெளிச்சத்தைத் தேடுறதோ பெர்ஃபோமன்ஸ்?

குழாயைக் கழட்டேக்க புஸ்ஸெண்டு வெளியில விடுறீங்களே, அந்த ஆர்134ஏ வாயு, 100 வருசக் கணக்கில காபனீரொட்சைட்டைப்போல 1300 மடங்கு வெப்பத்தைப் பிடிக்கும். அதைப்பற்றி ஒருத்தரும் மூச்சு விடுறதில்லை.

வேகம் வேணுமெண்டா முதல்ல டயருக்குச் சரியாக் காத்தடியுங்கோ, அடைபட்ட எயார் ஃபில்டரை மாத்துங்கோ. அந்த டிக்கிக்குள்ள கிடக்கிற பெரிய ஸ்பீக்கர் பெட்டியையும் ஒருக்காத் தூக்கி நிறுத்துப் பாருங்கோ.