பாக்டீரியா, செம்பு, கொஞ்சம் கணக்கு

2024-ம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசில் பாதி, டெமிஸ் ஹசாபிஸ், ஜான் ஜம்பர் இருவருக்கும் போனது. ஆல்ஃபாஃபோல்டு என்ற கணினி நிரலுக்காக. ஒரு புரதத்தின் அமினோ அமில வரிசையைக் கொடுத்தால் போதும், அதன் வடிவத்தைக் கணித்துச் சொல்லிவிடும். 2022-லேயே 20 கோடிக்கும் அதிகமான புரதங்களின் கணிப்புகளை எல்லோரும் பார்க்கும்படி வைத்துவிட்டார்கள். உடனே ஒரு கேள்வி கிளம்பியது. இனி எதற்கு ஆய்வுக்கூடத்தில் பணத்தைக் கொட்டிப் புரதத்தை அளக்க வேண்டும்? அதுதான் கணினியே சொல்லிவிடுகிறதே!

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் தவறு. ஏன் தவறு என்பதற்கு நல்ல உதாரணம், பாக்டீரியாவின் சமிக்ஞைப் புரதங்களில் உலோக அயனிகளைப் பொருத்தி அளக்கும் வேலை. பெயரைக் கேட்டு ஓடிவிடாதீர்கள். விஷயம் எளிதுதான்.

மனிதக் குடலில் வாழும் ஈ.கோலை பாக்டீரியாவின் நீளம் சுமார் 2 மைக்ரோமீட்டர். மூக்கு கிடையாது, மூளை கிடையாது. ஆனாலும் இரை இருக்கும் பக்கம் சரியாக நீந்திப் போகிறது! எப்படி? அதன் மேல்பரப்பில் உள்ள ஏற்பிகள் இரையை முகர்கின்றன. இரை குறைந்தால் ஏற்பி, கீ-ஏ என்ற புரதத்தைத் தட்டி எழுப்புகிறது. கீ-ஏ ஒரு பாஸ்பேட்டைத் தன்மேல் ஏற்றிக்கொண்டு கீ-ஒய் என்ற புரதத்திடம் கைமாற்றுகிறது. கீ-ஒய் போய் வால் மோட்டாரில் ஒட்டிக்கொள்ள, மோட்டார் திசை மாறிச் சுழல்கிறது. பாக்டீரியா குட்டிக்கரணம் போட்டு வேறு பக்கம் திரும்புகிறது. இரை கிடைத்துவிட்டாலோ கீ-ஏ அடங்கிவிடும், பாக்டீரியா நேராகப் போகும்.

இங்கே கேள்வி கீ-ஏ எப்படி இருக்கிறது என்பது மட்டுமல்ல. எழும்போதும் அடங்கும்போதும் அதன் எந்தப் பகுதி எவ்வளவு நகர்கிறது என்பதே முக்கியம். அதை அளக்க ஒரு வழி உண்டு. புரதத்தில் இரண்டு இடங்களைத் தேர்ந்தெடுத்து, ஜோடியில்லாத எலக்ட்ரான் உள்ள அடையாளம் ஒன்றை ஒவ்வொன்றிலும் பொருத்துகிறார்கள். அந்த எலக்ட்ரான் ஒரு குட்டிக் காந்தம். காந்தப் புலத்தில் வைத்து மைக்ரோவேவ் துடிப்புகளை அனுப்பினால், ஒரு காந்தம் மற்றொன்றை எவ்வளவு உணர்கிறது என்று தெரியும். தூரம் இரண்டு மடங்கானால் அந்த உணர்வு எட்டில் ஒரு பங்காகிவிடும். அதை வைத்து சுமார் 1.5 முதல் 8 நானோமீட்டர் வரையான தூரங்களைச் சொல்லிவிடலாம். (ஒரு நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு!) கார்னெல் பல்கலைக்கழகத்தில் பிரையன் கிரேன், ஜாக் ஃப்ரீட் குழுவினர் 2006-ல் இந்த வழியில்தான் கீ-ஏவும் அதன் கூட்டாளிப் புரதமும் எப்படிப் பொருந்தி நிற்கின்றன என்று காட்டினார்கள்.

அப்போது பயன்பட்டது நைட்ராக்சைடு என்ற கரிம மூலக்கூறு. அதில் இரண்டு குறைகள். ஒன்று, அது நூலில் கட்டிய பொம்மை போல ஆடும். ஆடுவது புரதமா பொம்மையா என்று குழப்பம் வரும். இரண்டு, உயிருள்ள செல்லுக்குள் போனால் சீக்கிரம் செயலிழந்துவிடும். உலோகம் வருவது இங்கேதான். பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் சுனில் சக்சேனா குழுவினர் 2015-ல் ஒரு வழி கண்டார்கள். புரதச் சுருளில் நான்கு இடம் தள்ளி இரண்டு ஹிஸ்டிடின்களை வைத்தால், அவை இடுக்கி போல ஒரு செம்பு அயனியைப் பிடித்துக்கொள்ளும். ஆட்டம் வெகுவாகக் குறையும். கடோலினியம் என்ற இன்னொரு உலோகம் செல்லுக்குள்ளும் தாக்குப்பிடிக்கிறது. இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் டேனியெல்லா கோல்ட்ஃபார்ப் குழு அதை வைத்து செல்லுக்குள்ளேயே அளந்திருக்கிறது.

இப்போது ஆல்ஃபாஃபோல்டுக்கு வருவோம். வணிகவியல் படிப்பவர்களுக்கு இது சட்டென்று புரியும். மார்ச் 31 அன்று தயாரிக்கும் இருப்புநிலைக் குறிப்பு பொய் சொல்லவில்லை. ஆனால் வருடம் முழுக்கப் பணம் எங்கே வந்தது, எங்கே போனது என்று அது சொல்லாது. அதற்கு ரொக்கப் புத்தகத்தைப் புரட்ட வேண்டும். கணினி தரும் வடிவம் இருப்புநிலைக் குறிப்பு. காந்த அளவீடு ரொக்கப் புத்தகம். ஒன்று இருக்கிறதே என்று மற்றதை எரிப்பவரைக் கணக்காளர் என்று யாராவது சொல்வார்களா?

"அளவீடும் புரதத்தை உறைய வைத்துத்தானே நடக்கிறது, அதுவும் அசையாத படம்தானே" என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் உறைவது ஒரு மூலக்கூறு அல்ல, கோடானுகோடி. ஒவ்வொன்றும் அந்த நொடியில் எந்த நிலையில் இருந்ததோ அதே நிலையில் உறைகிறது. எத்தனை பங்கு விரிந்திருந்தது, எத்தனை பங்கு சுருங்கியிருந்தது என்ற விகிதம் கிடைக்கிறது. சமிக்ஞை கொடுத்து ஒரு முறை, கொடுக்காமல் ஒரு முறை அளந்தால் அசைவு தெரிந்துவிடும்.

சரி, இதனால் யாருக்கு என்ன லாபம்? கீ-ஏவின் உறவுக்காரப் புரதம் ஒன்று, வான்-எஸ். வான்கோமைசின் மருந்து வந்துவிட்டதை மோப்பம் பிடித்து, தற்காப்பு மரபணுக்களை முடுக்கிவிடும் வேலை அதனுடையது. இந்த வகை சமிக்ஞை அமைப்பு மனித செல்களில் இல்லை. எனவே அதைக் குறிவைக்கும் மருந்து மனிதரை விட்டுவிட்டு கிருமியை மட்டும் செவிடாக்க வாய்ப்பு உண்டு. மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களால் நேரடியாக இறந்தவர்கள், 2019-ல் மட்டும் உலகம் முழுக்க சுமார் 12.7 லட்சம் பேர் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள்.

ஆனால் சந்தை இதைச் செய்யாது. அகாவோஜென் என்ற அமெரிக்க நிறுவனத்தின் புதிய ஆன்டிபயாடிக்குக்கு 2018 ஜூனில் அனுமதி கிடைத்தது. 2019 ஏப்ரலில் நிறுவனம் திவால் மனு கொடுத்தது! புதிய ஆன்டிபயாடிக்கை மருத்துவர்கள் கடைசி ஆயுதமாகப் பூட்டி வைக்கிறார்கள். அதுதான் சரியும்கூட. ஆனால் விற்பனை ஆகாதே? மருந்துக்கே இந்தக் கதி என்றால், மருந்துக்கு இருபது வருடம் முந்தைய அளவீட்டுக்கு எந்த முதலீட்டாளர் பணம் போடுவார்?

எனவே அந்தச் செலவை அரசுகளும் பல்கலைக்கழகங்களும்தான் ஏற்க வேண்டும், கணினி வந்த பிறகும். கசான் நகரில் ஜவோய்ஸ்கி 1944-ல் எலக்ட்ரான் காந்த ஒத்ததிர்வைக் கண்டபோது அது பாக்டீரியாவுக்கு உதவும் என்று யாரும் திட்டம் போடவில்லை. அன்று யாரோ செய்த செலவு இன்றுவரை வட்டி தருகிறது. இந்த வருடச் செலவை இந்த வருட வரவோடு மட்டும் பொருத்திப் பார்ப்பவர்கள் இங்கே நட்டம் என்றே எழுதுவார்கள். அவர்கள் கையில் நிதி முடிவுகளை விடக்கூடாது. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?