லாட்ஜ் அறையில் வாசனை

சீசன் வந்தால் குற்றாலத்தில் சாரலுக்குக் கூட்டம். ஆடி அமாவாசைக்குப் பாபநாசத்திலும் சொரிமுத்தையனார் கோயிலிலும் கூட்டம். இந்த நாட்களில் நம் பக்கத்து லாட்ஜுகளில் ஒரு குடும்பம் பெட்டியை எடுத்ததும் அடுத்த குடும்பம் உள்ளே வந்துவிடும். முன்னே இருந்தவர்கள் கொளுத்திய ஊதுபத்தியும் அடித்த சென்ட்டும் மட்டும் அறையைக் காலி செய்வதில்லை.

என் மனைவிக்கு ஆஸ்துமா. சென்ற வருடம் ஒரு லாட்ஜில் அறைக்கதவைத் திறந்ததுமே மல்லிகை ஸ்ப்ரே, குளியலறையில் பாச்சை உருண்டை. ஐந்து நிமிடத்தில் இன்ஹேலரைத் தேட வேண்டியதாயிற்று. "அண்ணாச்சி, உங்களுக்காக இப்பதான் ஸ்ப்ரே அடிச்சோம்" என்றார் ரூம் பாய், நிஜமான அக்கறையோடு. அவரைச் சொல்லிக் குற்றமில்லை. மணந்தால்தான் சுத்தம் என்று அவரைப் பழக்கியது நாம்தான்.

சாரல் காலத்தில் அறை வாடையடிக்கக் காரணம் ஈரமும் பூஞ்சையும். ஸ்ப்ரே அந்த வாடையை மூடி மறைக்குமே தவிர, பூஞ்சையைப் போக்காது. ஸ்பிளிட் ஏ.சி.யோ அறைக்குள் இருக்கும் காற்றையே சுற்றிச் சுற்றிக் குளிர்விக்கிறது. ஜன்னலைச் சாத்திவிட்டால் வாசனை எங்கே போகும்?

இது ஏதோ சிலருடைய நோய் என்று தள்ளிவிட முடியாது. 2016-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், அமெரிக்கர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் வாசனைப் பொருட்களால் தலைவலி, மூச்சுத்திணறல் போன்ற தொந்தரவு வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அந்த நாட்டின் நோய்த் தடுப்பு மையமான சி.டி.சி. 2009-இலேயே தன் அலுவலகங்களில் வாசனைப் பொருட்களுக்குத் தடை போட்டது. பாச்சை உருண்டையின் நாப்தலீன், ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடுள்ள குழந்தைகளின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கக்கூடியது.

"காலையில் சாமி கும்பிட ஒரு பத்தி கூடவா கொளுத்தக் கூடாது?" என்று கேட்பீர்கள். நான் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன். வாசனைத் திரவியத்துக்கு அவர்கள் சொல்லும் 'பர்ஃபம்' என்ற சொல்லுக்கு மூலம் லத்தீன்; 'புகை வழியாக' என்று பொருள். அங்கேயும் ஆதியில் வாசனை என்றால் புகைதான். புகைக்கு உயரமும் காற்றோட்டமும் வேண்டும். பாபநாசநாதர் கோயில் மண்டபத்தில் அது கலைந்துவிடும். பத்துக்குப் பத்து அறையில் மெத்தையிலும் திரையிலும் படிந்து, அடுத்து வருபவருக்காகக் காத்திருக்கும்.

ஆகவே இரண்டு தரப்புக்கும் என் வேண்டுகோள். தங்குகிறவர்கள் ஊதுபத்தி, கம்ப்யூட்டர் சாம்பிராணி, சென்ட் எல்லாவற்றையும் அறைக்கு வெளியே வைத்துக்கொள்ளுங்கள். அருவியில் நனைந்த துணிகளைக் கட்டிலில் போடாமல் வெளியே காயப்போடுங்கள். மூச்சுக் கோளாறு உள்ளவர்கள் அறை பதிவு செய்யும்போதே "ஸ்ப்ரே வேண்டாம், பாச்சை உருண்டையை எடுத்துவிடுங்கள்" என்று கூச்சப்படாமல் சொல்லுங்கள். லாட்ஜ்காரர்கள் ஒருவர் காலி செய்ததும் ஜன்னலைத் திறந்து, ஃபேனை அரைமணி நேரம் ஓடவிட்டால் போதும். பொதிகைக் காற்று வீசும் ஊரில் அதற்குக் காசு ஒன்றும் செலவில்லை.