விளக்கு எரியவில்லை என்றால் எல்லாம் சரியா?

ஏர் ஃபில்டர் பெட்டியைக் கழற்றிவிட்டு, அகலமான குழாயும் கூம்பு வடிவ ஃபில்டரும் பொருத்திக்கொள்வது நம் இளைஞர்கள் பலருக்குப் பிடித்த வேலை. செலவு அதிகமில்லை, இஞ்சின் சத்தமும் கம்பீரமாகிவிடும். “மாத்தி ஆறு மாசமாச்சு, ஒரு விளக்கும் எரியல. கம்ப்யூட்டரே எல்லாத்தையும் சரி பண்ணிக்கிச்சுதானே அண்ணே?” என்று பட்டறைக்கு வரும் தம்பிகள் என்னிடம் கேட்பதுண்டு. பாதி சரி. மீதிப் பாதியில்தான் இஞ்சினின் ஆயுள் இருக்கிறது.

1 கிராம் பெட்ரோல் முழுமையாக எரிய ஏறக்குறைய 14.7 கிராம் காற்று வேண்டும். எவ்வளவு காற்று உள்ளே வருகிறது என்று தெரிந்தால்தான் கணினி அதற்கேற்ற பெட்ரோலைத் தெளிக்க முடியும். டொயோட்டா வியோஸ் போன்ற கார்களில் இதைச் சொல்வது, ஃபில்டரை அடுத்திருக்கும் ஏர்ஃப்ளோ சென்சர். அதற்குள் சூடாக்கப்பட்ட நுண்ணிய கம்பி ஒன்று இருக்கும். வரும் காற்று அதைக் குளிர்விக்கும். சூடு குறையாமல் வைத்திருக்க எவ்வளவு மின்சாரம் தேவைப்படுகிறது என்பதே காற்றின் அளவுக்குக் கணக்கு.

அந்தக் கம்பி மொத்தக் காற்றையும் அளப்பதில்லை. தன்மீது படும் சிறு பகுதியை மட்டுமே அளக்கிறது. மீதியை, தொழிற்சாலையில் பதிந்த குழாய் அளவை வைத்துக் கணினி கணக்குப் போடுகிறது. 65 மில்லிமீட்டர் குழாயிலிருந்த சென்சரை 70 மில்லிமீட்டர் குழாயில் மாட்டினால், உட்பரப்பு சுமார் 16 விழுக்காடு கூடும். அதே காற்று இப்போது மெதுவாக நகரும். 100 பங்கு காற்று வரும்போது சென்சர் 86 பங்கு என்றே சொல்லும். கணினியும் அதை நம்பி 86 பங்குக்கான பெட்ரோலையே தெளிக்கும்.

இங்கேதான் ஆக்சிஜன் சென்சர் கைகொடுக்கிறது. புகைபோக்கியில் இருக்கும் அது, “பெட்ரோல் போதவில்லை” என்று தகவல் அனுப்பும். கணினி உடனே கொஞ்சம் கூட்டும். பற்றாக்குறை தொடர்ந்தால், அந்தத் திருத்தத்தை நினைவில் எழுதி வைத்துக்கொள்ளும். நெடுஞ்சாலையில் சீராகப் போகும்போது கார் நன்றாக ஓடுவது இதனால்தான். பல கார்களில் திருத்தம் 25 விழுக்காட்டை நெருங்கும்போதுதான் எச்சரிக்கை விளக்கு எரியும். நம் 16 விழுக்காடு அதற்குள் அடங்கிவிடுகிறது. அதனால் விளக்கு எரியாது.

ஆனால் கெந்திங் மலை ஏறும்போது காலை முழுதாக அழுத்தினால் கதை வேறு. அந்த நேரத்தில் பெரும்பாலான கார்கள் ஆக்சிஜன் சென்சரின் பேச்சைக் கேட்பதில்லை. இஞ்சினைக் குளிர்ச்சியாக வைக்க 1 பங்கு பெட்ரோலுக்கு 12.5 பங்கு காற்று என்ற அளவில், அதாவது கூடுதல் பெட்ரோல் கொடுக்கத்தான் கணினி முயலும். சென்சர் குறைத்துச் சொல்வதால், திருத்தம் எதுவும் சேராவிட்டால், உண்மையில் கிடைப்பது 14.5. சில கார்கள் நினைவில் உள்ள திருத்தத்தை அங்கும் சேர்க்கும். ஆனால் அது போதுமா என்று பார்த்துச் சொல்ல யாருமில்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. காற்று குறைவு என்றால் இஞ்சினுக்குச் சுமையும் குறைவு என்று கணினி எண்ணிக்கொள்ளும். தீப்பொறியை முன்கூட்டியே அடிக்கும். இதனால் கார் சற்றுத் துடிப்பாக ஓடுவதுபோலத் தெரியும். “புதுக் குழாய் போட்டதும் பவர் கூடிருச்சு” என்று மகிழ்வதில் ஒரு பங்கு இதுதான். கூடவே இஞ்சினில் ‘டக் டக்’ என்ற தட்டலும் வரலாம். தட்டலை உணரும் சென்சர் ஓரளவு காப்பாற்றும். அதையும் மீறினால் பிஸ்டனும் வால்வும் சூட்டில் கெடும்.

குழாயை மாற்றியே ஆக வேண்டும் என்றால், சென்சர் உட்காரும் பகுதியின் உள்விட்டம் பழைய அளவிலேயே இருக்கட்டும். எண்ணெய் தடவும் வகை ஃபில்டர் என்றால் அளவாகத் தடவுங்கள். அதிகமானால் கம்பியில் படிந்து கணக்கைக் கெடுக்கும். ஸ்கேனரை மாட்டி நீண்டகாலத் திருத்தத்தைப் பாருங்கள். கூட்டலோ கழித்தலோ 5 விழுக்காட்டுக்குள் இருந்தால் கவலையில்லை. 10ஐத் தாண்டினால் காரணம் தேட வேண்டும். பேட்டரியைக் கழற்றி மாட்டிவிட்டு உடனே பார்க்காதீர்கள். பல கார்களில் கணினி கற்றதெல்லாம் அழிந்து எண் பூஜ்யமாகத் தெரியும். சில நாள் ஓட்டிய பிறகு பாருங்கள்.

அகலமான குழாய்தான் வேண்டும் என்பவர்கள், புதிய அளவைக் கணினியில் பதிய வைத்து, முழு வேகத்திலும் கலவையை அளந்து பார்க்கும் பட்டறைக்கே போங்கள். குழாய்க்கு ஆகும் செலவைவிட அது கூடுதல்தான். இஞ்சினைப் பிரித்து மாட்டும் செலவோடு ஒப்பிட்டால் கொஞ்சம்.