முதலில் பிரதி, பிறகு திருத்தம்

கடன் கொப்பியைப் பூட்டி வைக்கும் நாம், ஏழு வருடம் ஓடிய ஹார்ட் டிஸ்க்கை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு நம்புகிறோம். எமது கடைக் கணினி திடீரென மந்தமானது. இடையிடையே 'டிக்' என்று சத்தம் வேறு. "வைரஸ்தான் நானா, விண்டோஸைப் புதிதாகப் போடுவோம்" என்றார் திருத்த வந்த தம்பி. நான் விடவில்லை. பெருநாளைக்குக் கடனாகக் கொடுத்த சரக்கின் பாக்கி முழுவதும் அதற்குள்தானே!

முதலில் கணக்குக் கோப்புகளைப் பென் டிரைவில் பிரதியெடுத்தோம். பிறகே 'கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ' என்ற இலவச மென்பொருளால் பரிசோதித்தோம். வாசிக்க முடியாத பகுதிகள் இரண்டே நாளில் கூடியிருந்தன. கேபிளை மாற்றியும் பயனில்லை. தேயும் டிஸ்க்கைத் திருத்த முயல்வது, என்னைக் கேட்டால், வீண் செலவு. எஸ்.எஸ்.டி. பொருத்திவிட்டோம். அதுவும் ஒருநாள் சொல்லாமலே போகலாம். ஆகவே வியாழன் இரவுகளில் ஒரு பிரதி என்னோடு வீட்டுக்கு வருகிறது.